தூங்கா நகரின் அடுப்புகள்

(மேல்நிலை முதலாண்டு, மனையியல் பிரிவு மாணவியர்)

"மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்கிறார்கள், திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கிறார்கள், மல்லிகைப்பூ வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் அதிகம் பேசுவது இங்கே சாப்பிட்ட இட்லியைப் பற்றித்தான்" என்று எங்கள் மனையியல் ஆசிரியை ஒருநாள் வகுப்பில் கூறினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அந்த இட்லியை அவிக்கிறவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்."

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. நம் நகரின் உணவுக் கடைகளை நேரில் கண்டு வருவதென்று முடிவாயிற்று. இரண்டு சனிக்கிழமைகள் குறிக்கப்பட்டன. தலைமை ஆசிரியை சகோதரி மகிழ்ச்சியோடு இசைவு தந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். "சாப்பிட்டதை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். சமைத்தவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எங்கள் பிரிவில் பதின்மூன்று பேர். பன்னிரண்டு பேர் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வந்தோம். ஒருத்தி மட்டும் "எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொண்டாள். நாங்களும் அவளை வற்புறுத்தவில்லை. முதல் பாடவேளையிலேயே கண் சொக்கிப் போகிறவள் அவள். "தூங்கா நகரில் பிறந்த தூங்குமூஞ்சி" என்று அவளுக்கு நாங்கள் பட்டப்பெயரே வைத்திருந்தோம்.

பழைய ஊர், பழைய அங்காடி

புறப்படுமுன் எங்கள் தமிழாசிரியையிடம் சென்று மதுரையின் பழைய உணவு பற்றிக் கேட்டோம். அவர் மதுரைக்காஞ்சியை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். மாங்குடி மருதனார் பாடிய இந்நூல், பத்துப்பாட்டிலேயே நீளமானது. 782 அடிகள் கொண்டது. பாண்டியன் நெடுஞ்செழியனின் மதுரையில் பகலில் கூடும் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும், இரவில் கூடுவதற்கு அல்லங்காடி என்றும் பெயர் வழங்கியதை அதில் காண்கிறோம். ஆக, இந்த ஊர் இரவில் விழித்திருப்பது மின்விளக்கு வந்த பிறகு தோன்றிய வழக்கம் அன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்!

மெல்லிய அடையும், பாகும் பூரணமும் வைத்துப் பிடித்த மோதகமும் விற்றவர்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. பலகாரம் செய்து விற்ற அம்மக்களுக்குக் 'கூவியர்' என்று பெயர். இரவு ஏறிய பின், விற்கிற பண்டத்துக்கு அருகிலேயே அவர்கள் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்ததாகப் புலவர் பாடியிருக்கிறார் என்று ஆசிரியை சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. எல்லோரும் ஒருசேரத் திரும்பி எங்கள் தோழியைப் பார்த்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதுரையின் தெருக்களையும் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. 1840களில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டரின் காலத்தில் பழைய கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, ஊர் வெளியே விரிந்தது. அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரால் இன்றும் வீதிகள் உள்ளன. பிளாக்பர்னின் நினைவாக எழுந்ததே விளக்குத்தூண்.

இந்த வீதிகளுக்குள் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். பட்டு நெசவில் தேர்ந்த சௌராஷ்டிர மக்கள் வந்தனர். இஸ்லாமியக் குடும்பங்கள் வந்தன. தெற்கேயிருந்து வணிகர்கள் வந்தனர். 1870களில் இரயில் வந்தது. 1892ஆம் ஆண்டில் மதுரா மில் வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் முறை வைத்து இரவும் பகலும் வேலை செய்தனர். பின்னிரவில் பூவும் காய்கறியும் ஏற்றி வருகிற கிராமத்து மக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் என்று இரவில் பசிக்கிறவர்களின் கூட்டம் பெருகியது. அவர்களுக்காக எரிந்த அடுப்புகளே மதுரையின் இரவுக் கடைகள். வேடிக்கைக்காகச் சாப்பிட வருகிற நம்மைப் போன்றவர்கள் பிறகு சேர்ந்துகொண்டவர்கள்.

காலை: பருத்திப்பால்

முதல் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே கூடிவிட்டோம். மாசி வீதியின் முனையில் ஒரு தள்ளுவண்டி நின்றது. பெரிய அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. முதல் கடையே எங்களில் பாதிப் பேருக்குப் புதியது. பருத்தியிலிருந்து நூல் வரும். பால் எப்படி வரும்?

வண்டிக்காரத் தாத்தா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பஞ்சு நீக்கிய பருத்திக்கொட்டையைக் கழுவி, முதல்நாளே ஊறவைக்க வேண்டும். ஊறியதை ஆட்டிப் பிழிந்தால் வெள்ளையாகப் பால் இறங்கும். இரண்டு மூன்று முறை வடிகட்டி, அரிசி மாவு கரைத்துவிட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பிறகு வெல்லப்பாகு அல்லது கருப்பட்டிப்பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ. "பச்சை வாடை போற வரைக்கும் கொதிக்கணும் பாப்பா. அவசரப்பட்டு இறக்கினா வயித்தைக் கெடுத்துரும்" என்றார். அவர் சொன்னது அறிவியலுக்கும் ஒத்ததே. பருத்திக்கொட்டையில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் சிறிதளவு உண்டு. ஆகையால் அதைப் பச்சையாக உட்கொள்ளலாகாது.

மதுரையில் இது தோன்றியதற்குக் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தெற்கே கரிசல் மண், கரிசலில் பருத்தி, ஊருக்குள் பஞ்சாலை. பஞ்சு ஆலைக்குப் போயிற்று. கொட்டை மாட்டுக்கும் போயிற்று, மனிதருக்கும் பானமாயிற்று. தாத்தா இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். ஒன்பது மணிக்கெல்லாம் அண்டா காலியாகிவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக இதே வேலை. "பண்டிகை நாளிலும் லீவு இல்லையா தாத்தா?" என்று கேட்டோம். "பண்டிகைன்னாத்தானே பிள்ளைகளா ரெண்டு காசு சேர்த்து வரும்!" என்று சிரித்தார்.

வீதிக்கொரு பலகாரம்

அங்கிருந்து நடந்தே சென்றோம். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் பெயரோடு சேர்ந்தே வழங்குவது வெள்ளையப்பம். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி, சிவக்க விடாமல் வெண்மையாகவே எடுப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. காரச் சட்னி அதற்குத் துணை.

சௌராஷ்டிர மக்கள் வாழும் பகுதிகளில் மாலை நேரத்தில் முள்முருங்கை வடை கிடைக்கும். கல்யாண முருங்கை என்றும் இதனைச் சொல்வர். அந்த இலையை அரிசியோடு அரைத்து, பூரி போலத் தட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்பது பாட்டிமார் நம்பிக்கை. வீட்டு வாசலில் அடுப்பு வைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையார், தம் மாமியாரிடமிருந்து கைப்பக்குவம் பழகியதாகச் சொன்னார். அளவு கேட்டோம். "அளவா? கைதான் அளவு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எங்கள் மனையியல் செய்முறை ஏட்டில் அதை எப்படிக் குறிப்பது என்றே தெரியவில்லை.

நண்பகல்: ஒரே பெஞ்சு

மதுரையில் 'மெஸ்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. விடுதிகளில் வழங்கிய இச்சொல், இங்கே வீட்டுச் சமையல் போலச் சமைத்துப் போடும் சிறு கடைகளுக்குப் பெயராகிவிட்டது. நடுப்பகலில் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தோம். நீளமான மேசை, வாழையிலை, சோறு, குழம்பு, எதிரெதிரே மக்கள். எங்களுக்கு எதிரே ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி; அவருக்கு அருகே வெள்ளைச் சட்டை அணிந்த அலுவலர்; அவருக்கு அடுத்து வெளியூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த தாயும் மகனும். யாரும் யாரையும் "நீங்கள் யார், எந்த ஊர், என்ன சாதி?" என்று கேட்கவில்லை. "குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்கண்ணே" என்பதோடு சரி.

இது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் நம் முன்னோர் காலத்தில் உணவு விடுதிகளில் சாதி பார்த்துத் தனித்தனி இடம் இருந்தது. சிலருக்கு உள்ளே நுழையவே இடமில்லாதிருந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி, மதம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று கூறுகிறது. தீண்டாமைக் குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர்கள் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே, முன்பின் அறியாதவர் அருகே உட்கார்ந்து ஒரே குழம்பை வாங்கி உண்கிற இந்தப் பெஞ்சு சாதாரணப் பெஞ்சு அன்று. பலர் போராடிப் பெற்றது.

கடைக்குப் போய் உண்ணக் காசில்லாத பிள்ளைகளையும் இங்கே நினைத்தோம். பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியவர் காமராசர். 1956ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டமாக அது விரிவு பெற்றது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது நம் மதுரையில்தான். 2023இல் அது மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தப் பெரிய அடுப்புகளுக்கு முன்னாலும் விடியுமுன் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

பிற்பகல்: ஜிகர்தண்டா

வெயில் ஏறிய பின் விளக்குத்தூண் பக்கம் சென்றோம். பெயரைக் கேட்டாலே தமிழ்ச் சொல் அன்று என்று தெரிகிறது. 'ஜிகர்' என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல். ஈரல் என்று பொருள். நெஞ்சம் என்னும் கருத்திலும் வழங்கும். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. ஆக, உள்ளுக்குள் குளிர வைப்பது என்று கொள்ளலாம். பாரசீகம், உருது, மதுரை வெயில் மூன்றும் ஒரே கண்ணாடிக் குவளையில் கலந்திருக்கின்றன!

பாலைச் சுண்டக் காய்ச்சி, நிறம் மாறும் வரை அடுப்பில் வைத்து, ஆறவைத்துக் குளிரூட்டுகிறார்கள். பாதாம் பிசினை இரவே ஊறப்போடுகிறார்கள். கல் போன்ற சிறு துண்டு காலையில் கண்ணாடி போலப் பொங்கி நிற்கிறது. நன்னாரி வேரில் காய்ச்சிய சர்பத் அடுத்து. குவளையின் அடியில் பிசின், அதன்மேல் சர்பத், அதன்மேல் பால், உச்சியில் பாலேடு கலந்த ஐஸ்கிரீம். கண் மூடித் திறக்குமுன் ஒரு குவளை தயாராகிவிடுகிறது. ஆனால் அதற்கான பால் ஐந்து மணி நேரமாகச் சுண்டிக்கொண்டிருந்ததாம். கிண்டியவரின் வலது கை, இடது கையைவிடப் பருத்திருந்ததை எங்களில் ஒருத்தி கவனித்துச் சொன்னாள்.

மாலை: பரோட்டாக் கல்

இரண்டாவது சனிக்கிழமை, மாலையில் புறப்பட்டோம். பெற்றோரில் நால்வர் துணைக்கு வந்தனர். மதுரையின் மாலை ஓசை ஒன்று உண்டு: பரோட்டாக் கல்லின்மேல் கரண்டி தட்டும் ஓசை.

மைதாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டைகளாக உருட்டி ஊறவிடுகிறார்கள். பிறகு ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, இரு கைகளாலும் வீசினால் அது மெல்லிய துணி போல விரிகிறது. அதை மடித்துச் சுருட்டி, மீண்டும் தட்டிக் கல்லில் போடுகிறார்கள். வெந்ததும் நான்கைந்தை அடுக்கி, இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்தால் ஏடு ஏடாகப் பிரிகிறது. பன் போலத் தடித்து மெதுவாக இருக்கும் 'பன் பரோட்டா' மதுரைக்கே உரியது. சிம்மக்கல் பக்கத்துக் கோனார் மெஸ்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கறிதோசையும் இவ்வூரின் புகழ்களில் ஒன்று. தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என மூன்றடுக்கு கொண்டது.

மனையியல் மாணவியர் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைத்ததே மைதா. நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் பெரும்பகுதி போய்விடுகின்றன. எனவே பரோட்டா என்றோ ஒருநாள் உண்ணத் தக்கது. தினம் உண்ணத் தக்கதன்று. இதை நாங்கள் பரோட்டா மாஸ்டரிடமே தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "நான் ராத்திரி வீட்டுக்குப் போய் ரசஞ்சோறுதான் சாப்பிடுவேன் தாயி!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை அந்த அனலுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு: இட்லி

இட்லியைக் கடைசியாக வைத்துக்கொண்டிருந்தோம். பெயர் பெற்ற கடைகளில் கூட்டம் மிகுந்திருந்ததால், வெளி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் பெற்றோர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். பூட்டிய கடை ஒன்றின் படிக்கட்டில் இரண்டு அடுப்புகள், இரண்டு இட்லிக் கொப்பரைகள், ஒரு பெஞ்சு. ஓர் அம்மா ஈரத்துணி விரித்த தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இலையில் சட்னி வைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் தோழி!

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கும் நா எழவில்லை. ஆசிரியைதான் முதலில் பெஞ்சில் போய் உட்கார்ந்து, "எங்களுக்கும் இலை போடும்மா" என்றார்.

"யாரு பாப்பா, உன் கூடப் படிக்கிற பிள்ளைகளா? முன்னாடியே சொல்லக்கூடாதா? உட்காருங்க தாயி, உட்காருங்க" என்று அந்த அம்மா பரபரத்தார். முகமெல்லாம் மலர்ச்சி. தேங்காய், தக்காளி, மல்லி, காரம் என்று நான்கு சட்னிகள். துணியிலிருந்து பெயர்த்த இட்லி இலையில் விழுந்தபோது அதன்மேல் நெசவின் தடம் அப்படியே தெரிந்தது. கணக்குக் கேட்டபோது, "மகளோட படிக்கிற பிள்ளைககிட்டக் காசு வாங்குவேனா?" என்று மறுத்தார். "வாங்கிக்கோங்கம்மா. இல்லேன்னா எங்க சிஸ்டர் கணக்கு ஒத்து வரலேன்னு என்னைக் கேப்பாங்க" என்று ஆசிரியை சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார்.

சற்று நேரம் ஆள் வரவில்லை. அந்த அம்மா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அடுத்த ஈடு வெந்துகொண்டிருந்தது. அவர் தலை மெதுவாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஆவியின் ஓசை மாறியதும் தாமாகவே விழித்துக்கொண்டு மூடியைத் திறந்தார். மதுரைக்காஞ்சியின் கூவியர் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் அவளிடம் எப்படிப் பேசுவதென்றே தெரியவில்லை. மதிய உணவு வேளையில் எல்லோருமாகச் சென்று மன்னிப்புக் கேட்டோம். கடை மூடப் பதினொன்றரை ஆகும்; பாத்திரம் துலக்கிப் படுக்க ஒரு மணி ஆகும்; ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். அப்பா இல்லாத வீடு. "நீ போய்ப் படி" என்று அம்மா விரட்டினாலும், அவரைத் தனியே விட்டுப் போக இவளுக்கு மனம் வருவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் கூறியது இதுதான்:

"நீங்க கேலி செஞ்சதைக்கூட நான் பெரிசா எடுத்துக்கலை. எங்க அம்மா தெருவிலே கடை போட்டிருக்காங்கன்னு சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு நான் மறைச்சேனே, அதை நினைச்சாத்தான் எனக்கு வெட்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் என்பதை எடுத்துச் சொல்லவும் எங்களுக்கு அப்போது வார்த்தை வரவில்லை.

மாவு புளிப்பது எப்படி?

இப்பகுதி எங்கள் தோழி சொல்லச் சொல்ல எழுதியது. எங்கள் பாடநூலைவிட அவள் விளக்கம் தெளிவாக இருந்தது.

நான்கு படி இட்லி அரிசிக்கு ஒரு படி உளுந்து. அதனோடு சிறிது வெந்தயம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைக்க வேண்டும். உளுந்தைக் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசியைச் சற்றே நறநறப்பாக ஆட்டி, உப்புச் சேர்த்து, கையால் கலக்க வேண்டும். மதுரை வெயிலில் ஏழெட்டு மணி நேரம் போதும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக ஆகும். மாலைக் கடைக்கு அவர்கள் காலை பத்து மணிக்கே ஆட்டி முடித்துவிடுகிறார்கள்.

தானியத்திலேயே இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. இட்லி பஞ்சு போலாகிறது. புளித்தலால் சில பி வகை உயிர்ச்சத்துகள் கூடுகின்றன, செரிமானமும் எளிதாகிறது. அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு உளுந்தில் உண்டு. உளுந்தில் குறைந்தது அரிசியில் உண்டு. எண்ணெய் இல்லை, ஆவியில் வேகிறது. நோயாளிக்கும் குழந்தைக்கும் மருத்துவர் இட்லியைச் சொல்வது இதனால்தான்.

துணி எதற்கு என்று கேட்டோம். "ஒட்டாம வரும், தண்ணி தேங்காது. ஆனா துணியை அன்னன்னைக்கு வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடணும். எங்க அம்மா அதுலே ரொம்பக் கண்டிப்பு" என்றாள்.

கடைக்குச் செல்வோர் கவனிக்க

நாங்கள் கண்டறிந்த சில செய்திகளைப் பெற்றோருக்கும் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

1. கூட்டமுள்ள கடையில் உணவு தேங்குவதில்லை, சுடச்சுடக் கிடைக்கும். ஆறிய சட்னியைவிடச் சூடான சாம்பார் பாதுகாப்பானது.

2. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்துப் புகையும். அத்தகைய கடாயைக் கண்டால் பலகார ஆசையை விட்டுவிடுவதே நன்று.

3. செய்தித்தாளில் பலகாரம் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும். வாழையிலையைக் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளன என்பதையும் மறவாதீர்கள். வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோவதில் குறைவொன்றும் இல்லை.

4. இலையில் வீணாக்காதீர்கள். நீங்கள் ஒதுக்கித் தள்ளும் ஓர் இட்லிக்குப் பின்னால் ஒருவருடைய தூக்கம் இருக்கிறது.

5. பரிமாறுகிறவரை "ஏய்", "இந்தா" என்று அழைக்காதீர்கள். அண்ணன், அக்கா, அம்மா, ஐயா என்று அழைக்க நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? எழும்போது "நன்றாக இருந்தது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுங்கள். பருத்திப்பால் தாத்தாவிடம் நாங்கள் அப்படிச் சொன்னபோது, இன்னும் அரைக் குவளை ஊற்றிவிட்டார்!

முடிவுரை

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையோடு சொல்கிறோம். நகரம் தூங்காமல் இருப்பதில்லை. அதில் சிலர் தூங்காமல் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிற தாத்தா, அனலுக்கு முன் நிற்கிற மாஸ்டர், மரப்பெட்டியின் மேல் தலை சாய்கிற தாய் ஆகியோரின் கண்விழிப்புக்கே அந்தப் பெருமை உரியது. ஆசிரியை கேட்ட கேள்விக்கு இப்போது எங்களால் விடை சொல்ல முடியும். இட்லி அவிக்கிறவர் ஒரு மணிக்குப் படுக்கிறார். ஐந்து மணிக்கு எழுகிறார்.

எங்கள் தோழிக்காக ஒரு சிறு ஏற்பாடும் செய்துகொண்டோம். மாலையில் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து அன்றைய பாடங்களைப் படித்துவிடுகிறோம். சகோதரியர் அதற்கென ஓர் அறையைத் திறந்து வைக்கின்றனர். கடைக்குப் போகுமுன் அவளுடைய வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது. கணக்கில் நாங்கள் அவளுக்கு உதவுகிறோம். மனையியல் செய்முறையில் அவள் எங்களுக்கு உதவுகிறாள். முதல் பாடவேளையில் எப்போதாவது அவள் கண் சொக்கினால், பக்கத்தில் இருப்பவள் மெல்லத் தொட்டு எழுப்புகிறாள். பட்டப்பெயர் போயே போய்விட்டது.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் 'நாங்கள்' என்று எழுதியபோது பன்னிரண்டு பேரைக் குறித்தோம். முடிக்கும் இவ்விடத்தில், நாங்கள் பதின்மூவர்.